பெயர் கேட்காத பிரிண்டர்

அத்தியாயம் 5

மேஜைமேல் இருந்த அந்தக் கான்கிரீட் கட்டியைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை.

முக்கால் சாண் நீளம், அதே அகலம், அதே உயரம். எட்டுக் கிலோ தேறும். கலவை எவ்வளவு கனம் தாங்கும் என்று சோதித்துப் பார்ப்பதற்காகக் கட்டடக்காரர்கள் வார்த்து எடுக்கிற கட்டி. அதன் ஒரு பக்கத்தில் சாக்பீஸால் ஒரு தேதி எழுதியிருந்தது. நாளை மறுநாள், வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் கோர்ட்டில் சாட்சி விசாரணை.

"காலையில கதவத் திறக்கறேன், வாசப்படியில இது உக்காந்திருக்கு," என்றாள் சாட்சி. "பன்னெண்டு வருஷமா நான் உடைச்சுப் பாக்கறது இதத்தான். எனக்குப் புரியட்டும்னே தேடிப் புடிச்சு வெச்சிருக்காங்க."

அவள் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். பல மாடிக் கார் நிறுத்தம் ஒன்றுக்காக வந்த கட்டிகளை அழுத்திப் பார்த்துவிட்டு, 'தேறாது' என்று எழுதிக் கொடுத்தாள். கான்ட்ராக்டர் அந்தத் தாளை மாற்றிவிட்டுக் கட்டடத்தை எழுப்பினார். ஏழாவது மாதம் அது இடிந்து விழுந்து பதினோரு பேர் செத்துப்போனார்கள். தாளில் முதலில் என்ன எழுதியிருந்தது என்று சொல்ல உலகத்தில் இவள் ஒருத்திதான் பாக்கி.

செத்தவர்களின் குடும்பங்களுக்காக வாதாடும் வக்கீலம்மா இவளை மூன்று வாரமாக ஒளித்து வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு வீடு. முதல் வீட்டு வாசலில் ஒரு கட்டி வந்தது. இரண்டாவது வீட்டில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வீட்டில் இன்று காலை இது. போலீஸ் காவல் கேட்டு மனு போட்டிருந்தது. அதற்கு உத்தரவும் வியாழக்கிழமைதான் வருமாம். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

இப்போது அவள் வக்கீலம்மா வீட்டுக் கீழ்த்தளத்து ஆபீஸில், துணிப்பையை மடியைவிட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நாலாவது வாசல்லயும் இது வந்துச்சுன்னா நான் ஊரப் பாக்கப் போயிடுவேன்," என்றாள். "கோர்ட்டும் வேணாம், சாட்சியும் வேணாம். எனக்கு உசிரு ஒண்ணுதான் இருக்கு."

"வராது," என்றார் அண்ணி.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணி. என் அண்ணனைக் கட்டிக்கொண்டவர். பதினாறு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். நான் அவருடைய உதவியாளர். அதற்கு முன்பு எட்டு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போடாமல் வேலை பார்ப்பது எப்படி என்பதுதான் நாங்கள் இன்னும் துலக்காத ஒரே மர்மம்.

"எப்படி வராதுன்னு சொல்றீங்க?" என்று நான் காதில் கேட்டேன்.

"சொல்லித்தான் ஆகணும். வாய மூடு."

விஷயம் இதுதான். வக்கீலம்மா புது வீட்டைத் தேர்ந்தெடுத்ததும் குமாஸ்தாவிடம் சொல்வார். குமாஸ்தா விலாசத்தை ஒரு கடிதமாக டைப் செய்து, காவலுக்கு இருந்த ரிட்டயர்டு போலீஸ்காரரிடம் கொடுப்பார். ஆக விலாசம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். வக்கீலம்மா தன் கேஸைத் தானே குழிதோண்டிப் புதைக்கமாட்டார். குமாஸ்தா பத்தொன்பது வருஷமாக இங்கேயே இருப்பவர். மிச்சம் அந்தப் போலீஸ்காரர். 'அவர இன்னிக்கு வேலைய விட்டு நிறுத்துங்க' என்று காலையில் போனிலேயே அண்ணி சொல்லிவிட்டார். அவரும் மறுபேச்சுப் பேசாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அப்போது வக்கீலம்மாவின் கணவர் தட்டில் டீயோடு வந்தார். கட்டட இன்ஜினியர். மாடியில் அவருடைய ஆபீஸ். சாட்சிக்குச் சர்க்கரை ஆகாது என்பதை நினைவு வைத்து, அவளுடைய டம்ளரைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். இப்படி ஒரு புருஷன் எனக்கு அமையவில்லையே என்று ஒரு நிமிஷம் ஏங்கினேன். அதை இப்போது எழுதும்போது கூசுகிறது.

"காவலுக்கு ஆள் இல்லேன்னா என்ன, வண்டிய நான் ஓட்டறேன்," என்றார் மனைவியிடம். "எத்தன மணிக்குன்னு மட்டும் சொல்லு."

"பன்னெண்டுக்கு. உங்கள விட்டா இப்ப எனக்கு நம்பறதுக்கு யார் இருக்கா?" என்றார் வக்கீலம்மா. இன்ஜினியர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார்.

மணி பத்தரை. நாலாவது வீட்டை வக்கீலம்மா மனசுக்குள் முடிவு செய்துவிட்டார். இன்னும் வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை.

கேஸ் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு குமாஸ்தா உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயசு, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல். கட்டை வைக்க இடம் தேடி மேஜையைப் பார்த்தவர், "அட!" என்றார்.

"என்ன அட?" என்றார் அண்ணி.

"இதே மாதிரி ஒண்ணு என் தங்கச்சி வீட்லயும் இருக்கு. காத்துல கதவு அடிச்சுக்குதுன்னு முட்டுக் குடுத்து வெச்சிருக்கா."

மிரட்டல் கட்டிகளைப் பற்றிக் குமாஸ்தாவிடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவரும் சந்தேகப் பட்டியலில் இருந்தார் அல்லவா?

"எங்க வாங்கினாங்க?" அண்ணி சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வாங்கலைங்க. ரெண்டு வாரம் முன்னாடி யாரோ வாசல்ல போட்டுட்டுப் போயிட்டாங்களாம். ஏதோ தேதிகூடக் கிறுக்கியிருந்துதாம். அழிச்சுட்டா."

"உங்க தங்கச்சி வீடு இங்க யார் யாருக்குத் தெரியும்?"

"யாருக்குங்க தெரியும்? அவ குடி மாறியே ஒரு மாசம்தான் ஆகுது. கரண்டு மீட்டர் மாத்தணும்னு மனு கேட்டா. அந்த வாரம்தான் அந்த அட்ரஸ நானே முதமுதல்ல டைப் பண்ணேன்."

"மனு எங்க?"

"அது வரவே இல்ல. பிடிஎஃப்னு குடுத்தா ஒண்ணுமே வரமாட்டேங்குது. மூணு வாரமா கெட்டுக் கெடக்கு. கடைசியில கையாலயே எழுதிக் குடுத்துட்டேன்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவங்களாமே. வந்தது வந்தீங்க, அதக் கொஞ்சம் பாத்துடறீங்களா?"

ஊரில் எங்கே போனாலும் எனக்கு இந்தக் கதிதான். கல்யாண வீட்டிலும் விடமாட்டார்கள், சாவு வீட்டிலும் விடமாட்டார்கள். 'இன்னொரு நாள் பாக்கலாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணியின் கை என் முழங்கையைப் பிடித்தது.

"இவ பாத்துடுவா," என்றார். "இப்பவே பாத்துடுவா."

குமாஸ்தாவின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் காகிதத்தில் அடிக்கிற நிஜப் பிரிண்டர். மேலே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் தலைக்குமேல் கேட்டது.

"இங்க எப்படி வேலை பண்ணுவீங்கன்னு சொல்லுங்க," என்றார் அண்ணி.

"அம்மா ஒரு சட்டம் போட்டிருக்காங்க. ரகசியக் கடிதம் எதையும் மெஷின்ல சேமிக்கக் கூடாது. டைப் பண்ணணும், பிடிஎஃப்பா அடிச்சுப் பென் டிரைவ்ல ஏத்தணும், டைப் பண்ணத அங்கயே அழிக்கணும். மூணு வாரமா பிடிஎஃப் வரலையா, பேப்பர்ல அடிச்சுக் குடுக்கறேன்."

"அப்ப பிடிஎஃப் பக்கமே போறதில்ல?"

குமாஸ்தா தலையைச் சொறிந்தார். "போகாம இருப்பேனா? ஒவ்வொரு தடவையும் முதல்ல அதத்தான் அமுக்கிப் பாப்பேன். ஒருவேள இன்னிக்கு வந்துடாதான்னு ஒரு ஆசை. நாலஞ்சு தடவ அமுக்கிட்டு, திட்டிட்டு, அப்புறம் பேப்பர்."

நான் உட்கார்ந்தேன். வெற்றுத் தாளில் ஒரு வரி அடித்துப் பிடிஎஃப்புக்கு அனுப்பினேன். கம்ப்யூட்டர் கணக்கில் பிடிஎஃப்பும் ஒரு பிரிண்டர்தான், காகிதத்துக்குப் பதில் கோப்பாக அடிக்கும். வழக்கமாக ஒரு சின்னப் பெட்டி திறந்து, 'என்ன பெயரில், எங்கே சேமிக்கட்டும்?' என்று கேட்கும். கேட்கவில்லை. திரை அப்படியே இருந்தது. குமாஸ்தா 'பாத்தீங்களா' என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

இதற்கு நான் கடையில் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். அந்த பிடிஎஃப் வசதியைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி மாட்டுவது. பத்தில் எட்டு சரியாகிவிடும். அதற்கு முன்னால் ஒரு பழக்கத்துக்காக, அச்சுக்குக் காத்திருப்பவை நிற்கிற வரிசையைத் திறந்து பார்த்தேன்.

"காலி," என்றேன். "சரி, கழட்டி மாட்டிடறேன். அஞ்சு நிமிஷம்."

"நில்லு," என்றார் அண்ணி. "காலின்னா?"

"காலின்னா காலிதான் அண்ணி. வரிசையில ஒண்ணும் நிக்கல."

"கெட்டுப்போன பிரிண்டர்னா அனுப்பினதெல்லாம் வெளிய போக முடியாம அங்கயே தேங்கி நிக்கணுமா, நிக்க வேணாமா?"

எட்டு வருஷம் கடை வைத்திருந்தவள் நான். இவரோ சொந்த போனில் டார்ச் லைட்டை அணைக்கத் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு திரிகிறவர்.

"நிக்கணும்," என்றேன்.

"நிக்கலேன்னா?"

"போயிடுச்சுன்னு அர்த்தம்."

"எங்க?"

கழற்றி மாட்டியிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் அதோடு அழிந்துபோயிருக்கும். பிரிண்டரின் அமைப்புகளுக்குள் போனேன். அடித்தது எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று சொல்கிற இடம் ஒன்று உண்டு, போர்ட் என்போம். அங்கே 'பெயரைக் கேட்டுச் சேமி' என்பதுதான் இயல்பாக இருக்க வேண்டியது. அதை எடுத்துவிட்டு யாரோ ஒரு நிரந்தர விலாசம் எழுதியிருந்தார்கள். 'பழைய பைல்கள்' என்ற ஃபோல்டர், அதற்குள் ஒரே ஒரு பிடிஎஃப். எதை அடித்தாலும் கேள்வி கேட்காமல், சத்தம் போடாமல் அங்கே போய் விழும். அடுத்ததை அடித்தால் முந்தையது அழிந்து அது உட்காரும்.

"இது கெட்டுப் போகவே இல்ல அண்ணி. மூணு வாரமா ஒழுங்கா வேலை பாத்துக்கிட்டுதான் இருக்கு. வேற யாருக்கோ."

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையருகே குனிந்தார்.

"ஒவ்வொரு வாரமும் கடைசியா அடிச்சது எதுன்னு யோசிங்க ஐயா," என்றார் அண்ணி அவரிடம். "முதல் வாரம், வீட்டு அட்ரஸ். கட்டி அந்த வீட்டுக்குப் போச்சு. ரெண்டாவது வாரம்?"

"கடிதம் வரலையேன்னு, தங்கச்சி மனுவையாவது பாப்போம்னு அடிச்சேன்," என்றார் குமாஸ்தா. "அதுதான் கடைசி."

"அது கடிதத்த அழிச்சுட்டு உக்காந்துடுச்சு. புது வீட்டுக்கு மீட்டர் மாத்தறாங்கன்னு எடுத்தவங்க நினைச்சுட்டாங்க. அதனால கட்டி உங்க தங்கச்சி வீட்டுக்குப் போச்சு. கையால எழுதினதையும் தங்கச்சி கையிலதான் குடுத்தீங்க. இங்க அந்த அட்ரஸ் தெரிஞ்சது உங்களுக்கும் இந்த மெஷினுக்கும்தான். உங்க தங்கச்சிய நீங்களே மிரட்டமாட்டீங்க."

"அய்யோ," என்று குமாஸ்தா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அவ வீட்ல தனியா இருந்தாளே."

அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பிறகு என் கை தானாக வேலையைப் பார்த்தது. பழக்கதோஷம். போர்ட்டைப் பழையபடி மாற்றினேன்.

"சரி பண்ணிட்டேன்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"மறுபடி கெடுத்து வை."

"என்னது?"

"எப்படி இருந்துதோ அப்படியே கெடுத்து வை. ஒரு எழுத்து மாறக் கூடாது."

ரிப்பேர் பார்த்ததற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். காசு வாங்காமல் ஏமாந்திருக்கிறேன். சரியானதைக் கெடுக்கச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். கெடுத்து வைத்தேன்.

"அந்த ஃபோல்டர வேற மெஷின்லேர்ந்து திறக்க முடியுமா?"

"முடியும். பொதுவுல பகிர்ந்து விட்டிருக்கு. ஆனா இந்த வீட்டு வைஃபைக்குள்ள இருக்கணும்."

அண்ணி கதவைச் சாத்தினார். தலைக்குமேல் நாற்காலி மறுபடி நகர்ந்தது.

"யார் யாரச் சந்தேகப்பட்டோம்?" என்று மெதுவாகக் கேட்டார். "அட்ரஸ் தெரிஞ்ச மூணு பேர. தெரிஞ்சவனுக்கு எதுக்கு இந்தத் திருட்டு வேலை? லெட்டரத் திருடறவன் லெட்டர் கிடைக்காதவன். அந்தப் போலீஸ்காரர் கையில நாமளே கொண்டுபோய்க் குடுத்தோம். அவருக்கு இது தேவையே இல்ல. பாவம், அந்த மனுஷன அநியாயமா அனுப்பிட்டேன்."

அண்ணி தப்புச் செய்துவிட்டதாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதை ரசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. இந்த வீட்டில், வைஃபைக்குள், விலாசம் சொல்லப்படாமல் இருக்கிற ஆள் யார் என்று கணக்குப் போட விரல்கூட வேண்டியதில்லை.

"யாருன்னு சொல்லாத," என்றார் அண்ணி. "நாம நினைச்சா போதாது. அது தானா வந்து காட்டணும்."

குமாஸ்தாவை ஒரு கடிதம் டைப் செய்யச் சொன்னார். வழக்கமான அதே வாசகம். விலாசம் மட்டும் அண்ணி சொன்னது. அது அவருக்குப் பழக்கமான இன்ஸ்பெக்டர் ஒருவர் வாடகைக்கு இருக்கும் வீடு. அன்றைக்கு அவருக்கு ஓய்வு நாள். அண்ணி போனில் இரண்டே வாக்கியத்தில் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். பிறகு, நாங்கள் யாரும் வெளியே தகவல் சொல்லவில்லை என்று தெரியட்டும் என, எங்கள் மூன்று பேர் போனையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"அமுக்குங்க ஐயா. எப்பவும் போல நாலஞ்சு தடவ அமுக்கிட்டு, கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க."

குமாஸ்தா அமுக்கினார். திட்டினார். நல்ல மனிதருக்கு அன்று கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

பகிர்ந்த ஃபோல்டரை இந்த நிமிஷம் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. அதைத் திரையில் போட்டுவிட்டு மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வெற்றுப் பட்டியல். இரண்டு நிமிஷம். நான்கு. நாற்காலி சத்தம் நின்றிருந்தது. ஆறாவது நிமிஷம், பட்டியலில் ஒரு வரி வந்து உட்கார்ந்தது.

பிளான்-ரூம்.

"இது எந்த மெஷின்?" என்றேன்.

குமாஸ்தா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "இந்த வீட்ல எல்லா மெஷினும் சார்தான் மாட்டிக் குடுத்தார்," என்றார். "பிடிஎஃப் வரலேன்னு முதநாளே அவர்கிட்டதான் சொன்னேன். பழைய மெஷின், விடுங்க, பேப்பர்ல எடுங்கன்னாரு."

கெட்டுப்போன சாமான்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அலுப்புத்தான் வரும். அந்த அலுப்பை நம்பித்தான் மனிதர் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார்.

நாங்கள் வக்கீலம்மாவின் அறைக்குத் திரும்பியபோது மணி பதினொன்று. அண்ணி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சாட்சி ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம், பையோடு அப்படியே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் இன்ஜினியர் கார் சாவியோடு இறங்கி வந்தார்.

"கிளம்பறதுன்னா நான் ரெடி," என்றார். "முன்னாடியே போயிட்டாக்கூட நல்லதுதான்."

"உக்காருங்க சார்," என்றார் அண்ணி. "டீ ரொம்ப நல்லா இருந்துச்சு. என் நாத்தனாருக்கு வெந்நி வெக்கக்கூட வராது."

இன்ஜினியர் சிரித்தார். உட்கார்ந்தார். அண்ணி அவரிடம் டீத்தூளைப் பற்றிப் பேசினார். பிறகு மழை வருமா என்று பேசினார். எங்கள் வீட்டு மாடிச் சுவரில் ஈரம் கசிவதற்கு என்ன பூசலாம் என்று கேட்டார். அவர் பொறுமையாக, உண்மையிலேயே உபயோகமாகப் பதில் சொன்னார். சொல்லச்சொல்லச் சாவி அவர் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. வக்கீலம்மா எரிச்சலாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினொன்று முப்பத்தி நாலுக்கு அண்ணியின் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார்.

"மேடம், நான்தான்." இன்ஸ்பெக்டரின் குரல். "நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு பேர் வந்தாங்க. என் வீட்டுப் பின்கதவுப் பூட்ட உடைக்கும்போதே அமுக்கிட்டேன். ஒருத்தன் போன்ல என் வீட்டு அட்ரஸ் இருக்கு. பதினொரு மணிக்கு வந்த மெசேஜ். அனுப்பின நம்பரப் படிக்கட்டுமா?"

"வேணாம் சார். அவன் போன்லேர்ந்து அந்த நம்பருக்கு ஒரு கால் போடுங்க."

இன்ஜினியரின் சட்டைப் பையில் இருந்த போன் சும்மா இருந்தது. பேண்ட் பாக்கெட்டுக்குள் இன்னொரு போன் உறுமியது. அவர் அதை எடுக்கவில்லை. அணைக்கவும் இல்லை. அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருந்தது.

"என்னங்க அது?" என்றார் வக்கீலம்மா. "உங்ககிட்ட ஏது ரெண்டாவது போன்?"

அவர் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் கட்டடத்துல கம்பியக் குறைச்சுப் போட்ட வரைபடத்துல கையெழுத்து என்னுது," என்றார். "கான்ட்ராக்டர் உள்ள போனா அடுத்தது நான். இவங்கள மிரட்டத்தான் சொன்னேன். பயந்து ஊருக்குப் போயிட்டாப் போதும்னேன். யாரும் கை வெக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிட்டேன்."

"அத அந்தக் கட்டியில எழுதலையே சார்," என்றாள் சாட்சி.

போனில் இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "மேடம், லைன்லதான் இருக்கேன். இவனுங்ககிட்ட கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல. கடப்பாரையும் கயிறும்தான் இருக்கு. மெசேஜ்ல அட்ரஸுக்குக் கீழ இன்னொரு வரியும் இருக்கு. 'பன்னெண்டரைக்குள்ள நானே கொண்டுவந்து விடறேன், தனியாத்தான் இருப்பா.' அவ்வளவுதான்."

வக்கீலம்மா எழுந்து நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் குரல் உயரவே இல்லை.

"எல்லாரும் எங்கிட்ட கேட்டாங்க," என்றார். "எங்க அம்மா கேட்டாங்க, ஜூனியர் கேட்டான், பக்கத்து வீட்ல கேட்டாங்க. அந்தப் பொண்ண எங்க வெச்சிருக்கேன்னு. நீங்க ஒருத்தர்தான் ஒரு தடவகூடக் கேக்கல. என் தொழிலுக்கு எவ்வளவு மரியாதை குடுக்கறார்னு நினைச்சு நான் ராத்திரியெல்லாம் பூரிச்சுப் போயிருக்கேன்."

இன்ஜினியர் தலை குனிந்தார். அவருக்காக எனக்குப் பரிதாபம் வரவில்லை. வக்கீலம்மாவைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து அவரை அழைத்துப் போனபோது பன்னிரண்டு தாண்டியிருந்தது. அண்ணி வாசலில் நின்று அந்த ரிட்டயர்டு போலீஸ்காரருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டார். மூன்று தடவை கேட்டார். எதிர்ப்பக்கத்தில் மனிதர் சிரித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னாராம்.

நான் குமாஸ்தாவின் அறைக்குப் போய்ப் போர்ட்டைச் சரிசெய்தேன். இந்தத் தடவை நிஜமாகவே. பின்னாலேயே வக்கீலம்மா வந்தார். குமாஸ்தாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். நீதிபதிக்கு ஒரு மனு. இந்த வழக்கில் தன் கணவரையும் விசாரிக்க வேண்டும் என்பது முதல் பத்தி. அப்படியானால் தான் இந்த வழக்கில் தொடரலாமா என்பதை நீதிமன்றமே முடிவு செய்யட்டும் என்பது இரண்டாவது. நிறுத்தாமல், திருத்தாமல் அடித்தார்.

பிடிஎஃப் என்று கொடுத்தார். பெட்டி திறந்து, என்ன பெயரில் சேமிக்கட்டும் என்று கேட்டது. அவர் விரல் அங்கேதான் நின்றது. பிறகு, கல்யாணமான நாளிலிருந்து தன் பெயருக்குப் பின்னால் எழுதிவந்த கணவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாக டைப் செய்து சேமித்தார். குமாஸ்தா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசல்பக்கம் நிழல் தட்டியது. சாட்சி, பையோடு. ஊருக்குக் கிளம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் போனால் பதினோரு பேருக்காகப் பேச வாய் கிடையாது. தடுக்க எங்கள் யாருக்கும் முகமும் கிடையாது.

"நீ போறதுன்னா போம்மா," என்றார் வக்கீலம்மா, திரும்பாமலே. "இருன்னு சொல்ல எனக்கு வாயில்ல."

சாட்சி திரையில் இருந்த மனுவை நின்றபடியே முழுசாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டுப் பையைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"வியாழக்கிழம வரைக்கும் நான் எங்க தங்கறது?" என்று கேட்டாள்.

வக்கீலம்மா அவளைப் பார்த்தார். பிறகு படிக்கட்டைப் பார்த்தார்.

"மாடி காலியாத்தான் இருக்கு," என்றார்.